துளி நீரும் தூரத்துக் குரலும்

புரட்டாதி மாதம் கழிவதற்குள் நம் ஊர் வீடுகளிலே ஒரு பரபரப்புத் தோன்றிவிடும். உடைந்த ஓட்டை மாற்றுவோர் ஒருபுறம், பீலியிலே அடைந்த சருகை வாருவோர் ஒருபுறம், வாய்க்காலைத் துப்புரவு செய்வோர் மற்றொரு புறம். வடகீழ்ப் பருவமழை வருமுன் வீட்டைக் காத்துக்கொள்ள வேண்டுமென்ற அறிவு நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்களுள் ஒன்றாகும். ஆயினும், கூரைக்கு மேலே அன்ரெனாக் கட்டியிருப்போர் பலர், அந்த அன்ரெனாவிலே கேபிள் வந்து சேரும் இடத்தை மாத்திரம் மறந்துவிடுகின்றனர். பெருவிரல் அளவேயான அந்தச் சிறிய இணைப்பைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களுடன் சிறிது பேச விரும்புகின்றோம்.

இதிலே பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வியக்கலாம். சென்ற ஆண்டுகளிலே நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். எம்முடைய அறியாமைக்கு நாம் கொடுத்த விலை 25 மீற்றர் கேபிளும், ஒரு மாரிகாலம் முழுவதும் இழந்த நண்பரின் குரலுமாகும்.

பொழுதுபோக்கா, பொதுப்பணியா?

அமெச்சூர் வானொலி என்பது யாதென்பதை முதலிற் கூறிவிடுவோம். வியாபாரத்துக்காகவன்றி, அறிவுக்காகவும் நட்புக்காகவும் தம் சொந்த நிலையத்திலிருந்து உலகத்தாருடன் பேசும் அன்பர்களின் கலையே அது. நினைத்தவரெல்லாம் இதனைச் செய்துவிட இயலாது. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதிப்பத்திரம் வழங்கிய பின்னரே ஒருவர் ஒலிபரப்பலாம். அதற்குப் பரீட்சையிலே தேறவேண்டும். நம் நாட்டு அன்பர்கள் பலரின் அழைப்புக்குறி '4எஸ்7' என்று தொடங்கும். அந்த மூன்று எழுத்தைக் கேட்டதும், பேசுபவர் இலங்கையர் என்பதைப் பிறேசில் நாட்டிலிருப்பவரும் உடனே அறிந்துகொள்வார்.

இது வெறும் பொழுதுபோக்கென்று எண்ணியிருந்தோருக்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி விடை கூறியது. ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்த அன்று, பல இடங்களிலே தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. நம் நாட்டு அமெச்சூர் வானொலி அன்பர்கள் தம் கருவிகளுடன் அம்பாந்தோட்டைக்குச் சென்று, அங்கிருந்து கொழும்புக்குச் சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தனர். வங்கக் கடலின் மறுபுறத்திலே, அந்தமான் தீவிலிருந்து உலகெங்குமுள்ள அன்பர்களுடன் பேசுவதற்கென்று அதே மாதம் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணியும் அவர்தம் குழுவினரும், போட் பிளேயர் நகரிலிருந்து செய்திகளை அனுப்பி, உற்றாரைப் பற்றிக் கலங்கியிருந்த பல குடும்பங்களுக்கு ஆறுதல் அளித்தனர்.

இத்தகைய நாளிலே நமக்குத் துணையாவது ஒரு கருவியும், ஒரு மின்கலமும், ஒரு கம்பியுமே. அந்தக் கம்பியும் கருவியும் சேருமிடத்தில் நீர் புகுந்திருக்குமானால் மற்றவையெல்லாம் இருந்தும் பயனில்லை. புயலடிக்கும் நாளிலே வேலைசெய்ய வேண்டிய பொருளுக்கு முதற் பகை அந்தப் புயலின் மழையே என்பதை நாம் மறத்தலாகாது.

எம்முடைய அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்திலே, வளவின் இரண்டு பனைகளுக்கிடையே 20 மீற்றர் நீளமான கம்பியொன்றைக் கட்டினோம். அது 7 மெகாஹேர்ட்ஸ் அலைக்குரிய அன்ரெனா. கம்பியின் நடுவே ஒரு சிறிய பிளாஸ்ரிக் பெட்டி தொங்கும். அதன் அடியிலே கேபிள் வந்து திருகப்பட்டிருக்கும். திருகிய இடத்திலே வீட்டு மின்வேலைக்குப் பாவிக்கும் மலிவான கறுப்பு நாடாவை மேலிருந்து கீழாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேலை முடிந்ததென்று மகிழ்ந்தோம்.

ஞாயிறுதோறும் காலையில் மட்டக்களப்பு நண்பர் ஒருவருடன் உரையாடுவது எம் வழக்கமாயிற்று. ஆவணி வரையும் அவர் குரல் முற்றத்தில் நின்று பேசுவதுபோற் கேட்டது. கார்த்திகையிலே அது மங்கியது. மார்கழியிலே, "உங்களைக் கேட்பது கடினமாயிருக்கிறது" என்று அவர் கூறியதையே நாம் அரைகுறையாகத்தான் கேட்டோம். கருவியிலே பிழையோ என்று ஐயுற்றோம், பிழையில்லை. சூரியனிலே தோன்றும் மாற்றங்கள் காரணமோ என்று வானத்தின்மேற் பழிபோட்டோம். கேபிளைப் பற்றி மாத்திரம் ஐயுறவில்லை. ஏனெனில், அன்ரெனாவின் நலத்தை அளக்கும் நிலையலை மானி, மழைக்கு முன் 1.5 என்று காட்டியது, இப்பொழுது 1.1 என்று காட்டிற்று. ஒன்றுக்கு எவ்வளவு அண்மையில் இருக்கின்றதோ அவ்வளவுக்கு நன்று என்பது பாடம். ஆதலால் அன்ரெனா முன்னையிலும் திருந்திவிட்டதென்று நாம் எண்ணினோம்!

எம் அயலிலே ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருக்கின்றார். இக்கதையைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"தம்பி, மானி பொய் சொல்லவில்லை. நீர் அதனிடம் கேட்ட கேள்விதான் பிழை. முதலில் கேபிளை இறக்கும், பார்ப்போம்" என்றார்.

"மாஸ்ரர், மேலே நாடா சுற்றித்தானே இருக்கிறது?" என்றோம்.

இறக்கிப் பார்த்தபோது, வெயிலிலே காய்ந்த நாடா தானாகவே சுருள் அவிழ்ந்து தொங்கிற்று. இணைப்பியைத் திருகிக் கழற்றினோம். அதனுள்ளிருந்து நீர் சொட்டியது. கேபிளின் மேலுறையைக் கத்தியாற் கீறியபோது, செம்பொன் போல் மின்னவேண்டிய செப்புப் பின்னல் கரிபோற் கறுத்திருந்தது. ஒரு மீற்றர் வெட்டினோம், அங்கும் கறுப்பு. ஐந்து மீற்றர் வெட்டினோம், அங்கும் ஈரம்.

மாஸ்ரர் அவிழ்ந்த நாடாவைக் கையிலெடுத்துக் காட்டி, "கூரையை முகட்டிலே தொடங்கிக் கீழே வேய்வார்களா, தம்பி?" என்று மாத்திரம் கேட்டார். அக்கேள்வியிலே பாடம் முழுவதும் அடங்கியிருந்தது.

கேபிளின் உள்ளே

நீர் ஏன் இவ்வளவு தீமை செய்கின்றதென்பதை அறிய, கேபிளின் அமைப்பை அறிதல் வேண்டும். கோஅக்சியல் கேபிள் என்பது ஓர் அச்சைக் கொண்ட இரண்டு கடத்திகளாகும். நடுவே ஒரு செப்புக் கம்பி. அதனைச் சூழ வெண்ணிறமான பொலித்தீன் காவலி. அதற்கு மேல் செப்பிழைகளாற் பின்னிய உறை. எல்லாவற்றுக்கும் மேல் கறுப்புப் பிளாஸ்ரிக் தோல். இவ்வமைப்புக்கு இங்கிலாந்தின் அறிஞர் ஒலிவர் ஹெவிசைட் 1880ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். இன்று அமெச்சூர் அன்பர்கள் பெரிதும் பாவிக்கும் ஆர்.ஜி. 213 என்னும் வகை ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தடிப்பானது, ஆர்.ஜி. 58 என்பது 5 மில்லிமீற்றர் அளவானது.

வானொலி அலை இக்கேபிளில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையேயுள்ள காவலியின் வழியே செல்கின்றது. அக்காவலியின் தன்மை மாறினால் அலையின் நடையும் மாறும். மின்புலத்திலே பொலித்தீனின் இயல்பைக் குறிக்கும் எண் சுமார் 2.3. நீருக்கோ அது 80க்கு அண்மையானது. இவ்வளவு வேறுபட்ட பொருள் இணைப்பினுள்ளே புகுந்தால், அலை தடுமாறுவதில் வியப்பென்ன?

அதனினும் பெருந்தீங்கு பின்னலிலே நிகழ்கின்றது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதை அறியாதார் இலர். நுண்ணிய செப்பிழைகளாலான பின்னலும் ஒரு திரியே. நுனியிலே பட்ட துளியை அது உறிஞ்சிக் கேபிளின் உள்ளே மீற்றர் கணக்கிற் கொண்டுசெல்லும். கேபிள் மேலிருந்து கீழே தொங்குவதால் புவியீர்ப்பும் அதற்குத் துணைபோகின்றது. ஈரம் பட்ட செப்பு துருவேறிக் கறுக்கும். ஒவ்வோரிழையும் மற்றோரிழையைத் தொடும் இடத்திலே தடை உண்டாகும். அனுப்பும் சக்தி அன்ரெனாவை அடையாமல் வழியிலேயே வெப்பமாய் வீணாகும். இங்ஙனம் கெட்ட கேபிளை வெயிலிற் காயவைத்துத் திருத்த இயலாது. செப்பு மின்னும் இடம் வரும்வரை வெட்டி எறிவதொன்றே வழி.

மழை பெய்யாவிட்டாலும் நீர் புகும் என்பது மற்றொரு விந்தை. பகல் வெயிலிலே இணைப்பினுள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவிலே குளிர்ந்து சுருங்கி, வெளியிலுள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அவ்வீரம் உள்ளே பனியாகப் படியும். இணைப்பு நாள்தோறும் இவ்வாறு மூச்சு விடுகின்றது. கடற்கரை ஊர்களிலே அம்மூச்சு உப்பு மூச்சாகும். அலுமினியக் குழாயும் செப்புக் கம்பியும் உப்பீரத்திலே சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, அலுமினியத்தை அரித்துவிடும்.

அன்பர்கள் பெரிதும் பாவிக்கும் பி.எல். 259 என்னும் இணைப்பி 1930களிலே தோன்றியது. மலிவும் உறுதியும் உடையது. ஆனால் நீரைத் தடுக்கும் வளையம் அதில் இல்லை. திருகுப்புரியின் வழியாகவும், ஈயம் பற்றவைப்பதற்காக விடப்பட்ட துளைகளின் வழியாகவும், கேபிள் நுழையும் பின்வாயின் வழியாகவும் நீர் உட்செல்லும். 1940களிலே வந்த 'என்' வகை இணைப்பியில் றப்பர் வளையம் உண்டு. எனினும் வெளியிலே மாட்டும்போது அதற்கும் ஒரு போர்வை கொடுத்தல் நன்று.

நல்லதென்று கூறிய மானி

இனி, மானி ஏன் எம்மை ஏமாற்றியது? மாணவர்கள் இக்கணக்கை மனத்தில் இருத்துக. மானி கருவியின் அருகே இருக்கின்றது. மேலே செல்லும் வலு எவ்வளவு, திரும்பி வருவது எவ்வளவு என்று ஒப்பிடுவதே அதன் வேலை. கேபிள் கெட்டு, அனுப்புவதிற் பத்தில் ஒரு பங்கே மேலே சேர்கின்றதென்று வைத்துக்கொள்வோம். நாம் 100 வாற்று அனுப்பினால் 10 வாற்று அன்ரெனாவை அடையும். அங்கே அன்ரெனாவே இல்லையென்றாலும், அந்தப் பத்தும் திரும்பி வரும் வழியிலே மீண்டும் பத்தில் ஒன்றாகக் குறைந்து, மானியை ஒரேயொரு வாற்றாகவே வந்தடையும். நூறு சென்று ஒன்று மட்டுமே திரும்பிற்று என்று கண்ட மானி, நிலையலை விகிதம் ஏறத்தாழ 1.2, மிக நன்று என்று கூறும். சென்றது மேலே சேர்ந்ததா, வழியிலே மாண்டதா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே, மழைக்காலத்திலே நிலையலை விகிதம் காரணமின்றித் திருந்தினால் மகிழ்தல் கூடாது, ஐயுறுதல் வேண்டும். கேபிளைச் சோதிக்க எளிய வழியுண்டு. அதன் மேல் நுனியை அன்ரெனாவிலிருந்து கழற்றி, 50 ஓம் போலிச்சுமை ஒன்றை அங்கே மாட்டி, கீழே புறப்படும் வலுவையும் மேலே சேரும் வலுவையும் அளந்து ஒப்பிடுக. அன்றியும், இரு நுனிகளும் எதிலும் தொடுக்கப்படாதபோது நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே ஓம்மானி எவ்விதத் தொடர்பையும் காட்டலாகாது.

வேய்தலும் சுற்றுதலும்

கிடுகு வேய்வோர் இறப்பிலே தொடங்கி முகட்டை நோக்கி ஏறுவர். அப்பொழுதுதான் மேற்கிடுகு கீழ்க்கிடுகின் தலையை மூடும். மழைநீர் ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்து நிலத்தைச் சேரும். நாடா சுற்றுவதும் இவ்வாறே. கடைசிச் சுற்றுக் கீழிருந்து மேலே செல்லவேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரை ஏந்தும் சிறு வாயாகிவிடும்.

மாஸ்ரர் காட்டிய முறையை அப்படியே கூறுகின்றோம். நல்ல வெயில் நாளிலே, ஈரமற்ற கையால் வேலையைத் தொடங்குக. இணைப்பியின் பின்னலுக்கு ஈயம் செவ்வையாகப் பற்றியிருக்கின்றதா, திருகு வளையம் இறுகியிருக்கின்றதா என்று பார்த்து, கருவியை இயக்கிச் சோதித்த பின்னரே மூடவேண்டும். பிழையுள்ள இணைப்பை மூடிவைப்பது முள்ளை உள்ளேவிட்டுப் புண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

முதலாவதாக, தரமான கறுப்புப் பி.வீ.சி. நாடாவை இணைப்பியின்மேல் மெல்லியதாக ஒரு படை சுற்றுக. பின்னொருநாள் அவிழ்க்கும்போது றப்பர்ப் பசை உலோகத்திலே ஒட்டாதிருப்பதற்காகவே இது. இரண்டாவதாக, தன்னில் தானே ஒட்டும் றப்பர் நாடாவை எடுத்துக்கொள்க. இதில் தனியாகப் பசை இல்லை. இழுத்துச் சுற்றினால் ஒரு சுற்று மற்றொன்றுடன் கலந்து, சிறிது நேரத்திலே ஒரே றப்பர்க் கட்டியாகிவிடும். உள்ளே வைத்திருக்கும் பிரிதாளை உரித்து, நாடா அகலம் குறையும்படி நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முன்னைச் சுற்றின் பாதியை மூடும்படி சுற்றவேண்டும். இணைப்பியுடன் நிறுத்திவிடாது, கேபிளின் தோல்மீதும் சுமார் 5 சென்ரிமீற்றர் தூரம் செல்லுதல் வேண்டும்.

மூன்றாவதாக, அதன்மேல் மீண்டும் பி.வீ.சி. நாடாவை இரண்டு படை சுற்றுக. வெயிலின் ஊதாக்கடந்த கதிர்களிலிருந்து றப்பரைக் காப்பது இதுவே. இதன் கடைசிப் படைதான் கிடுகுபோலக் கீழிருந்து மேலே செல்லவேண்டியது. முடிவிலே இரண்டு சுற்றை இழுக்காமல் தளர்வாகச் சுற்றி, நாடாவைக் கத்தியால் வெட்டுக. இழுத்து அறுத்த நுனி பழைய நிலைக்குச் சுருங்க முயன்று, நாளடைவிலே அவிழ்ந்து கொடிபோலப் பறக்கும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. சிலிக்கன் பசையைப் பூசுவோர் அதன் மணத்தைக் கவனிக்க. வினாகிரி மணம் வீசும் வகை உலரும்போது அசற்றிக் அமிலத்தை வெளியிட்டுச் செப்பை அரிக்கும். அம்மணமில்லாத நடுநிலை வகையையே பாவித்தல் வேண்டும். கேபிளைப் பிளந்து, நடுக்கம்பியையும் பின்னலையும் நேரே அன்ரெனாக் கம்பிகளில் முறுக்குவோர், திரியின் நுனியை மழைக்கு நீட்டுகின்றனர். அந்தப் பிளவை முற்றாக மூடவேண்டும். அன்ரெனாவின் நடுப்பெட்டியையோ முழுவதும் அடைத்தல் ஆகாது. அடியிலே ஒரு சிறு துளை விட்டால், உள்ளே படியும் ஈரம் வழிந்துவிடும். கேபிள் வீட்டினுள் நுழையுமுன் அதனைத் துளைக்குக் கீழே சற்றுத் தாழ்த்தி, வளைத்து, மீண்டும் மேலே கொண்டுவருக. கேபிள் வழியே ஓடிவரும் மழைநீர் அவ்வளைவின் அடியிலே சொட்டி நிலத்தில் விழுமேயன்றி வீட்டுக்குள் வாராது.

இவையெல்லாம் வானொலி அன்பர்களுக்கு மாத்திரம் உரியனவல்ல. கூரைமேல் தொலைக்காட்சி அன்ரெனாவோ தட்டு அன்ரெனாவோ வைத்திருக்கும் குடும்பத்தினரும் கைக்கொள்ளலாம். மழை பெய்தவுடன் படம் கலங்கும் வீடுகள் சிலவற்றிலேனும் இணைப்பிலே நீர் புகுந்திருத்தல் கூடும். ஒன்றுமட்டும் நினைவிருக்கட்டும். மின்சாரக் கம்பி அருகே இருக்கும் இடத்திலே அன்ரெனாவை ஏற்றவும் இறக்கவும் முயலாதீர்கள். இடி முழங்கத் தொடங்கிய பின் கேபிளைத் தொடாதீர்கள். இருண்டு வருவதைக் கண்டவுடனேயே கழற்றிவிடுங்கள். சிறுவர்களைத் தனியே கூரையில் ஏறவிடாதீர்கள்.

மீண்டும் கேட்ட குரல்

எம் கதையை முடித்துவிடுவோம். தைப்பொங்கல் கழிந்தபின் புதிய கேபிள் வாங்கி, மாஸ்ரர் அருகில் நின்று பார்க்க, அவர் கூறியவாறே மூன்று படையும் சுற்றினோம். மானி பழையபடி 1.5 காட்டியது. இம்முறை அந்த எண்ணைக் கண்டு நாம் கவலைப்படவில்லை. அடுத்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு நண்பரின் குரல் முற்றத்திலிருந்து வருவதுபோல் ஒலித்தது. "எங்கே போயிருந்தீர்கள் இவ்வளவு காலமும்?" என்று அவர் கேட்டார். நாம் எங்கும் போகவில்லை. நாள்தோறும் அழைத்துக்கொண்டுதான் இருந்தோம் என்று கூறினோம்.

அன்று எமக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. அந்த மாரியிலே நாம் பேசியது வெறும் நலம் விசாரித்தலே. கேளாது போனதால் எவருக்கும் கேடில்லை. அதுவே ஆழிப்பேரலை வந்த நாள் போன்றதொரு நாளாயிருந்தால்? கருவி நலம், மானி நலம், அழைப்பவரும் நலம். ஆயினும் குரல் மட்டும் சென்று சேராது போயிருக்கும். அதன் பின்னர் ஆண்டுதோறும் புரட்டாதியில் ஓட்டையும் பீலியையும் பார்க்கும்போதே அந்த இணைப்பையும் இறக்கிப் பார்க்கின்றோம். வாசகர்களும் முதல் மழை விழுவதற்குள் ஒருமுறை அவ்வாறே செய்வார்களாக.